சந்தை வளர்வது சரி, கையெழுத்து யாருடையது?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், நாடு, நிறுவனம் எல்லாவற்றையும் நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 41. வேதியியல் படித்தவர். பயிர்ப் பாதுகாப்பு மருந்துகள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் நீண்ட காலமாக வேலை பார்க்கிறார். அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்து விலகிய நண்பர் ஒருவர் இப்போது சொந்தமாக ஏற்றுமதி நிறுவனம் தொடங்குகிறார். காப்புரிமை முடிந்த மருந்துகளின் டெக்னிக்கலை (கலப்பதற்கு முன் உள்ள செறிவான மூல மருந்தை) மொத்தமாக வாங்கி, ஃபார்முலேஷன் செய்து (வயலில் அடிக்கும் வடிவத்துக்குக் கலந்து), பல நாடுகளுக்கு அனுப்புவது திட்டம். வாசகியைத் தொழில்நுட்ப இயக்குநராக வரச் சொல்கிறார். பங்குக்குப் பணமும் கேட்கிறார். சேமிப்பில் பாதிக்கு மேல் அதில் போய்விடும். "உலகச் சந்தை வருஷா வருஷம் வளருது, நீயே பார்" என்று ஒரு சந்தை அறிக்கையையும் அனுப்பியிருக்கிறார். வாசகியின் கணவரோ, "இன்னும் கொஞ்ச வருஷத்தில் எல்லா மருந்தையும் தடை பண்ணிடுவாங்க, வேண்டாம்" என்கிறார்.

வாசகி கேட்பவை: சந்தையே வளரும்போது நஷ்டம் எப்படி வரும்? காப்புரிமை முடிந்த மருந்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம் அல்லவா? மருந்தை விற்க அரசிடம் வாங்கும் பதிவுக்கான ஆய்வறிக்கைகளில் பலவற்றை நான்தான் எழுதினேன், அவற்றைப் புதிய நிறுவனத்துக்குப் பயன்படுத்தலாமா? ஒரு நாட்டில் தடைசெய்த மருந்தை அனுமதி உள்ள இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது குற்றமா? கம்பெனி லிமிடெட் என்பதால் என் வீட்டுக்கு ஆபத்து இல்லைதானே?

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் கண்ணில் பட்டது வேறொன்று. உங்கள் நண்பருக்கு உங்கள் பணத்தைவிட உங்கள் கையெழுத்துதான் அதிகம் தேவைப்படுகிறது. பணம் வேறு யாரிடமும் கிடைக்கும். பதிவு அதிகாரிகளுக்குப் போகும் கோப்பில் "இந்தப் பொருளின் கலவை இது, தூய்மை இவ்வளவு, மாசுகள் இவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட அனுபவமுள்ள வேதியியலாளர் அவ்வளவு எளிதில் கிடைக்கமாட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்போம்.

வளர்ச்சி என்று அறிக்கை சொல்வது எதை?

சந்தை வளர்கிறது என்பதில் பொய் இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி உலகில் பயன்படும் பூச்சிமருந்து, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லியின் அளவு 1990ஐ ஒப்பிட ஏறத்தாழ இரட்டிப்பாகி, 2022இல் ஆண்டுக்கு 35 லட்சம் டன்னைத் தாண்டி நின்றது. காரணங்களும் உறுதியானவை. அதிக மருந்து பயன்படுத்தும் பிரேசிலில் ஒரே நிலத்தில் சோயாவும் அதன்பின் மக்காச்சோளமும் ஒரே ஆண்டில் விளைகின்றன. கையால் களையெடுக்க ஆள் இல்லாத இடங்களிலெல்லாம் களைக்கொல்லி நுழைகிறது. ஒரு மருந்துக்குக் களையோ பூச்சியோ பழகிவிட்டால் இரண்டு மூன்றைக் கலந்து அடிக்கிறார்கள்.

ஆனால் நண்பர் அனுப்பிய அறிக்கை டன் கணக்கைச் சொல்லவில்லை, டாலர் கணக்கைச் சொல்கிறது. விலை ஏறினாலும் அது "வளர்ச்சி"தான். 2021 ஆகஸ்டில் ஐடா புயலால் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள, ஜெர்மன் நிறுவனமான பேயரின் கிளைபோசேட் களைக்கொல்லி ஆலை நின்றது. ஏற்கெனவே கப்பல் போக்குவரத்து குழம்பியிருந்த நேரம். விலை மளமளவென்று ஏறியது. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் விநியோகஸ்தர்கள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தார்கள். அந்தக் கொள்முதல் எல்லாம் 2022இன் வளர்ச்சியாக அறிக்கைகளில் ஏறியது. அப்புறம் 2023இல் கிடங்கில் இருப்பதையே விற்போம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டார்கள். கிளைபோசேட்டின் விலை 2021 இறுதியில் தொட்ட உச்சத்தில் பாதிக்கும் கீழே போனது. எஃப்.எம்.சி. என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தின் விற்பனை 2022இல் சுமார் 580 கோடி டாலர், 2023இல் சுமார் 449 கோடி டாலர். வயலில் மருந்தடிப்பது அந்த ஆண்டு நின்றுவிடவில்லை. சரக்கு எங்கே தேங்கி நிற்கிறது என்பது மட்டும்தான் மாறியது. எஃப்.எம்.சி. போன்ற நிறுவனம் இந்த அடியைத் தாங்கும். வங்கிக் கடனில் டெக்னிக்கல் வாங்கி வைத்திருக்கும் சிறு நிறுவனம் தாங்குமா?

இன்னொன்று. இந்தச் சந்தையில் லாபம் சமமாகப் பரவியிருக்கவில்லை. 2017இல் சின்ஜென்டாவைச் சீன அரசு நிறுவனமான கெம்சைனா வாங்கியது. 2018இல் பேயர் மான்சான்டோவை வாங்கியது. 2019இல் டவ்டூபான்ட்டிலிருந்து கார்ட்டீவா பிரிந்தது. இவற்றோடு பி.ஏ.எஸ்.எஃப். சேர்ந்தால் உலக விற்பனையில் பெரும் பங்கு நான்கு கைகளில். புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 30 கோடி டாலரும் 12 ஆண்டும் ஆகும் என்று தொழில்துறை ஆய்வுகளே சொல்கின்றன. காப்புரிமை உள்ளவரை விலையை வைப்பவர்கள் அவர்கள். காப்புரிமை முடிந்த பின் இருப்பது விலைச் சண்டை. அந்தச் சண்டையில் உங்களுக்கு டெக்னிக்கல் விற்கும் ஆலை, பெரும்பாலும் சீனாவில் இருப்பது, நீங்கள் குறிவைக்கும் அதே நாட்டுக்கு நேரடியாகவும் விற்கும். உங்கள் சப்ளையரே உங்கள் போட்டியாளர். நண்பரின் திட்டத்தில் இதற்கு என்ன பதில் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

காப்புரிமை முடிந்தது என்றால்?

மூலக்கூறின் மீதான காப்புரிமை முடிந்தது, அவ்வளவுதான். தயாரிக்கும் முறைக்குத் தனிக் காப்புரிமை இருக்கலாம். இடைநிலை வேதிப்பொருளுக்கு, ஃபார்முலேஷனுக்கு, இரண்டு மருந்துகளின் கலவைக்கு என்று வேறு வேறு காப்புரிமைகள் வேறு வேறு தேதிகளில் முடியும். குளோரான்ட்ரானிலிப்ரோல் உங்களுக்குத் தெரிந்த பூச்சிமருந்துதான். அதன் மூலக்கூறு காப்புரிமை பல நாடுகளில் 2022 வாக்கில் முடிந்தது. தயாரிப்பு முறைகளை வைத்து நடந்த வழக்குகள் அதோடு முடியவில்லை.

காப்புரிமை எதுவுமே இல்லை என்றாலும் தரவுப் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு. முதலில் பதிவு செய்தவர் நச்சுத்தன்மை, சுற்றுச்சூழல் ஆய்வுகளுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்திருப்பார். அந்த ஆய்வுகளைச் சுட்டி நீங்கள் பதிவு வாங்க முடியாத காலம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 10 ஆண்டு. அமெரிக்காவிலும் 10 ஆண்டு தனியுரிமை, அதற்குப் பிறகும் 15ஆவது ஆண்டுவரை சுட்டினால் இழப்பீடு தர வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. ஆகவே "எந்த மருந்து" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த மருந்து, எந்த நாடு, எந்தப் பயிர்" என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது, பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் வரும் என்பது. பல நாடுகளில் உள்ளூர் நிறுவனத்தின் பெயரில்தான் பதிவு கிடைக்கும். கோப்பு உங்களுடையது, செலவு உங்களுடையது, காத்திருந்த ஆண்டுகளும் உங்களுடையவை, சான்றிதழ் மட்டும் அங்கே உள்ள இறக்குமதியாளருடையது. ஒப்பந்தம் சரியாக இல்லையென்றால் அவர் அடுத்த ஆண்டே வேறு ஆலையைச் சேர்த்துக்கொண்டு உங்களை விட்டுவிடலாம். இந்தத் தொழிலில் என்னிடம் வரும் தகராறுகளில் இது அடிக்கடி வருவது. நண்பர் சந்தை அறிக்கையை அனுப்பினார், இறக்குமதியாளரோடு போட்ட ஒப்பந்தத்தை அனுப்பவில்லை. அதைக் கேளுங்கள்.

நீங்கள் எழுதிய அறிக்கைகள் உங்களுடையவை அல்ல

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருக்கும்போது நிறுவனத்துக்காக எழுதிய பதிவு ஆய்வறிக்கை நிறுவனத்தின் சொத்து. உங்கள் பெயர் அட்டையில் இருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. ஒரு நகலைப் பென் டிரைவில் எடுத்தாலும், சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும், வணிக ரகசியத் திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கிறீர்கள். உங்கள் மூளையில் இருக்கும் அனுபவம் உங்களுடையது, அதை யாரும் பறிக்க முடியாது. கோப்பு வேறு, அனுபவம் வேறு. ஏற்கெனவே ஏதாவது எடுத்து வைத்திருந்தால் நண்பருக்கு அனுப்பாதீர்கள். அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். முதலில் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

உரிமைப் பிரச்சினையை ஒதுக்கிவைத்தாலும் அந்த அறிக்கை புதிய நிறுவனத்துக்கு உதவாது, ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து பேட்ச் பகுப்பாய்வு ஒரு குறிப்பிட்ட ஆலையின், குறிப்பிட்ட தயாரிப்பு முறையின் மாசுகளைச் சொல்வது. வேறு ஆலையிலிருந்து வரும் டெக்னிக்கலுக்கு அதையே வைத்தால் அது பொய்யான அறிக்கை. அதில் கையெழுத்து உங்களுடையது.

மாசு என்பது காகிதச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு 1976இல் பாகிஸ்தானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த ஏறத்தாழ 7,500 தொழிலாளர்களில் சுமார் 2,800 பேர் நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மாலத்தியான் மனிதருக்கு நச்சு குறைந்தது என்று பெயர் வாங்கிய மருந்து. அங்கே வந்த சரக்கில் ஐசோமாலத்தியான் என்ற மாசு கூடியிருந்தது. அது சேமிப்பின்போது உருவாவது. உடல் மாலத்தியானைச் சிதைத்து வெளியேற்றும் வழியையே அது தடுத்துவிடும். வேலை செய்தவர்களுக்குப் போதிய பாதுகாப்பும் இல்லை. லேபிளில் இருந்த பெயர் சரிதான், டப்பாவுக்குள் இருந்தது வேறு.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரி என்னை நிறுத்தியது. "சரக்கு மிஞ்சினால் மறுபடி டெஸ்ட் பண்ணித் தேதி மாத்திக்கலாம்" என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காலாவதி தேதியை நீட்டிக்க சில நாடுகள் அனுமதி தருகின்றன, அதற்கென்று விண்ணப்பமும் உத்தரவும் உண்டு. உத்தரவு இல்லாமல் புதிய லேபிள் ஒட்டினால் போலி மருந்து என்ற வகைக்குள் போய்விடுவீர்கள். ஐரோப்பாவில் யூரோபோல் 2015 முதல் 'சில்வர் ஆக்ஸ்' என்ற பெயரில் போலி, சட்டவிரோதப் பூச்சிமருந்துகளுக்கு எதிராகத் தொடர்ந்து சோதனை நடத்துகிறது. துறைமுகத்தில் பிடிபட்டால் பொருள் மட்டும் போகாது. அதை அழிக்கும் செலவும் உங்கள் தலையில் விழும்.

தடை, பாதித் தடை, வரப்போகும் தடை

ஒரு நாட்டில் தடைசெய்ததை இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது எல்லா இடத்திலும் குற்றம் அல்ல. அதே சமயம் எல்லா இடத்திலும் சரியும் அல்ல. 1998இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ராட்டர்டாம் உடன்படிக்கை எதையும் தடை செய்வதில்லை. பட்டியலில் உள்ள பொருளை இறக்குமதி செய்ய விருப்பமா என்று அந்த நாடு முன்கூட்டியே முடிவு சொல்லும், அந்த முடிவை ஏற்றுமதி செய்யும் நாடு மதிக்க வேண்டும். தன் நாட்டில் தடைசெய்த பொருளை அனுப்பும் நாடு, பெறும் நாட்டுக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டும். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வேறு வகை. அதன் பட்டியலில் ஏறினால் உற்பத்தியையே நிறுத்த வேண்டும், குறிப்பிட்ட விலக்குகள் மட்டும் உண்டு. எண்டோசல்பான் 2011இல் ஏறியது. இவை தவிர நாடுகளின் தனிச் சட்டங்கள் உண்டு. சுவிட்சர்லாந்து 2021இல் பாராக்வாட் உள்ளிட்ட ஐந்து மருந்துகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. பிரான்ஸ் 2022இலிருந்து, ஐரோப்பாவில் தடையான மருந்துகளை ஏற்றுமதிக்காகத் தயாரிப்பதற்கும் தடை போட்டது, ஓட்டைகள் இருந்தாலும்.

நண்பர் விற்க நினைக்கும் மருந்துகளின் பட்டியலில் குளோர்பைரிபாஸ் என்ற பழைய பூச்சிமருந்து முதலில் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2025இல் அது ஸ்டாக்ஹோம் பட்டியலில் ஏறியது. சில பயன்பாடுகளுக்கு விலக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் விலக்கு என்பது காலக்கெடுவோடு வருவது. புதிதாகப் பதிவுக்குப் பணம் செலவழித்து, சான்றிதழ் கைக்கு வருவதற்குள் விலக்கே முடிந்துவிடலாம். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

விளைபொருளில் எஞ்சி நிற்கும் மருந்துக்கான வரம்பையும் மறக்க வேண்டாம். உங்கள் மருந்தை அனுமதிக்கும் நாட்டின் விவசாயி விளைச்சலை எங்கே விற்கிறார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு இல்லாத மருந்துக்கு பொது வரம்பு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அங்கே விளைபொருளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினால் இங்கே சட்டப்படி விற்கும் உங்கள் மருந்தை விவசாயியே தொடமாட்டார். தடையே இல்லாமல் சந்தை சுருங்குவது இப்படித்தான்.

உங்கள் கணவர் சொன்னதிலும் ஒரு திருத்தம். எல்லா மருந்தும் தடையாகப் போவதில்லை. 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்ட குன்மிங்–மான்ட்ரியல் உயிர்ப்பன்மை ஒப்பந்தம் பூச்சிமருந்தால் வரும் ஆபத்தை 2030க்குள் குறைந்தது பாதியாக்க வேண்டும் என்கிறது. அளவை ஒழிக்கச் சொல்லவில்லை. இவ்வளவு சர்ச்சைக்குப் பிறகும் கிளைபோசேட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மேலும் 10 ஆண்டு அனுமதி தந்தது. பூச்சிமருந்துப் பயன்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் தன் சட்ட வரைவை 2024இல் அதுவே திரும்பப் பெற்றது. ஆக, தொழில் நிற்காது. ஆனால் அதிக நச்சுள்ள, பழைய, மலிவான மருந்துகள்தான் முதலில் விழும். நண்பரின் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் அவைதான்.

லிமிடெட் என்ற சொல் யாரைக் காக்கும்?

பங்குதாரரைக் காக்கும். போட்ட பணம் போகும், அதற்கு மேல் பொதுவாகப் போகாது. இயக்குநராகக் கையெழுத்துப் போடுபவரின் நிலை வேறு. பல நாடுகளின் பூச்சிமருந்துச் சட்டங்கள், நிறுவனம் குற்றம் செய்தால் அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவரையும் குற்றவாளியாகவே பார்க்கின்றன. தரம், கலவை, லேபிள் மூன்றுக்கும் "பொறுப்பானவர்" என்று எழுதும் இடத்தில் உங்கள் பெயர்தான் வரப்போகிறது. வங்கி கடன் தரும்போது இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதமும் கேட்கும். அதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருந்த சுவரை நீங்களே இடித்ததாக ஆகும்.

லேபிளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் கிளைபோசேட் வழக்குகளில் மையமான வாதம் "எச்சரிக்கவில்லை" என்பதுதான். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற வகையில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. அப்படியிருந்தும் 2020இல் பேயர் 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொள்ள முன்வந்தது. அதிகாரிகளின் அனுமதி இருந்தது என்பது மட்டும் கேடயம் ஆகிவிடாது.

காப்பீடு இருக்கிறது என்று நண்பர் சொன்னால் பாலிசியை வாங்கி விலக்குப் பகுதியை முதலில் படியுங்கள். மருந்து வேலை செய்யவில்லை, பயிர் கருகிவிட்டது என்ற இரண்டு கோரிக்கைகள்தான் அதிகம் வருபவை. அவற்றைத்தான் பல பாலிசிகள் விலக்கி வைக்கின்றன.

என் ஆலோசனை

மூன்று வழிகள் இருக்கின்றன. பணம் மட்டும் போட்டு வெளியே நிற்பது முதல் வழி. எதையும் கட்டுப்படுத்த முடியாமல் நஷ்டத்தில் மட்டும் பங்கு, எனக்கு இது பிடிக்கவில்லை. இரண்டாவது, இப்போதைய வேலையை விட்டபின் சம்பளத்துக்கு ஆலோசகராகச் சேர்வது. பகுப்பாய்வு செய்து உண்மையை எழுதித் தருவீர்கள், பதிவுக் கோப்பில் பொறுப்பாளர் வேறொருவர். உங்கள் நிலையில் இதுதான் நல்லது என்று நினைக்கிறேன். நண்பருக்கு உண்மையிலேயே உங்கள் திறமை வேண்டுமென்றால் ஒப்புக்கொள்வார்.

இயக்குநராகவே போக ஆசை என்றால், தவறில்லை, ஆனால் கையெழுத்துக்கு முன் இவை மேசைக்கு வர வேண்டும்: குறைந்தது ஒரு நாட்டின் பதிவுச் சான்றிதழோ, அதை மாற்றித் தரும் ஒப்பந்தமோ, டெக்னிக்கல் ஆலையின் அண்மைப் பேட்ச் பகுப்பாய்வு, அந்தச் சரக்கை நீங்கள் சுயேச்சையான ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கும் உரிமையோடு, ஒவ்வொரு மருந்துக்கும் நாட்டுக்கும் காப்புரிமைத் தேடல் அறிக்கை, காப்பீட்டு பாலிசி முழுவதும். அதோடு, தரம் சரியில்லை என்று நீங்கள் எழுதினால் சரக்கு கிடங்கை விட்டு நகரக்கூடாது என்ற அதிகாரம் நிறுவன விதிகளிலேயே எழுதப்பட வேண்டும். வாய் வார்த்தை போதாது. வங்கிக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் தரமாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டை வரும்.

வேலையை இன்று ராஜினாமா செய்யாதீர்கள். பதிவு கைக்கு வர ஆண்டுகள் ஆகலாம், அதுவரை அந்த நிறுவனத்துக்கு வருமானம் இல்லை, உங்களுக்குச் சம்பளமும் இருக்காது. உங்கள் பணி ஒப்பந்தத்தில் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை, ரகசியம் காக்கும் கடமை, அறிவிப்புக் காலம் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். போட்டித் தடை சில நாடுகளில் செல்லாது, சில நாடுகளில் நியாயமான காலத்துக்குச் செல்லும். ரகசியக் கடமை பொதுவாக எங்கும் செல்லும். அந்தப் பக்கங்களை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு நண்பரோடு அடுத்த பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அலுவலக மின்னஞ்சலிலோ அலுவலகக் கணினியிலோ இதைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.